நர்சிங் முடித்தாயிற்று, முதல் ஆஸ்பத்திரி வேலைக்கு என்ன வழி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிப்பை முடித்து வெளியே வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். வார்டில் பல வருடம் ஓடியாடியவள் நான். அப்புறம் சில வருடங்களாக, புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் மேசையிலும் உட்கார்ந்து வருகிறேன். போனில் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ரிசல்ட் வந்துவிட்டது. நர்சிங் கவுன்சில் பதிவு இன்னும் கைக்கு வரவில்லை. அதுவரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். "பதிவுக்கு இந்தத் தேதியில் விண்ணப்பித்திருக்கிறேன், ஒப்புகைச் சீட்டு இணைத்துள்ளேன்" என்று ஒரு வரி சேர்த்து விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். ஆள் எடுத்து முடிக்கவே பல இடங்களில் வாரக்கணக்கில் ஆகும்.

ஆனால் "சும்மா வந்து டியூட்டி பாருங்கள், பேப்பரெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். மருந்து கொடுத்த இடத்தில் ஏதாவது தவறிப்போனால், பதிவில்லாமல் வேலை பார்த்தவர் என்று உங்கள் பெயர்தான் முதலில் எழுதப்படும். உதவியாளராக எடுத்துக்கொள்கிறோம் என்றால் சேரலாம். அப்போது உதவியாளர் வேலையை மட்டும் செய்யுங்கள், ஊசியைத் தொடாதீர்கள்.

இந்தக் காத்திருக்கும் நாட்களில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. எல்லாச் சான்றிதழிலும் உங்கள் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை உறுதியாகி, சான்றிதழ் சரிபார்ப்பில் ஒரே ஒரு எழுத்தால் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லா விளம்பரத்திலும் 'அனுபவம் தேவை' என்கிறார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்?

கோபம் நியாயமானதுதான். உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023-இல் உலகம் முழுக்க சுமார் 2 கோடியே 98 லட்சம் நர்ஸ்கள் இருந்தார்கள்; அப்படியும் 58 லட்சம் பேர் குறைவு. இத்தனை பற்றாக்குறை இருக்கும்போது புதியவர்களை ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்?

வார்டுக்குள் இருந்து பார்த்தால்தான் இது புரியும். ஒரு புதியவர் வந்தால் முதல் சில வாரங்களுக்கு வேலை குறையாது, கூடும். சீனியர் ஒருவர் தன் நோயாளிகளையும் பார்த்து, உங்களையும் பார்க்க வேண்டும். ஆள் போதுமான வார்டால் அதைத் தாங்க முடியும். ஆளே இல்லாத வார்டில் "வந்த அன்றே தனியாக நிற்கக்கூடிய ஆளைக் கொடுங்கள்" என்றுதான் கேட்பார்கள். ஆக, ஆள் அதிகம் தேவைப்படும் இடமே புதியவரைக் கண்டு அதிகம் தயங்கும். அதோடு, நோயாளிகளுக்கு நர்ஸ் தேவைப்படுவது ஒன்று, அந்த நர்ஸுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் ஒதுக்கியிருப்பது வேறு.

இது தெரிந்தால் எங்கே தட்டுவது என்பதும் தெரியும். புதியவர்களைக் கூட்டமாக எடுத்து ஒன்றாகப் பயிற்சி கொடுக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளை முதலில் பாருங்கள். கல்லூரிகளிலிருந்து ஆட்கள் வெளியே வரும் பருவத்தை ஒட்டி அவர்கள் எடுப்பார்கள். அந்த அறிவிப்பைத் தவறவிட்டால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க நேரும். அடுத்து, நீங்கள் படிக்கும்போது பயிற்சிக்காக கிளினிக்கல் போஸ்டிங் போன ஆஸ்பத்திரி. அங்கே உங்கள் முகம் தெரியும். கடைசி வருடப் போஸ்டிங்கில் எந்த வார்டில் உங்களை நன்றாக நடத்தினார்களோ, அந்த இன்சார்ஜ் சிஸ்டரை நேரில் போய்ப் பாருங்கள். "இடம் இருந்தால் சொல்லுங்கள் சிஸ்டர்" என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நாங்களும் அப்படித்தான் உள்ளே வந்தோம்.

'ஒரு வருட அனுபவம்' என்று போட்டிருந்தாலும் விண்ணப்பியுங்கள். 'மூன்று வருடம், ஐ.சி.யூ.' என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

பயோடேட்டாவில் எழுத என்னிடம் எதுவுமே இல்லையே?

இருக்கிறது, எழுதத் தெரியவில்லை. "கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றுவேன்" என்ற வரி எங்கள் மேசைக்கு வரும் எல்லாத் தாளிலும் இருக்கும். அதை நாங்கள் படிப்பதே இல்லை. "30 படுக்கை அறுவை சிகிச்சை வார்டில் 6 வாரம், ஒரு ஷிப்டில் 4 நோயாளிகள், இரண்டு வாரம் இரவு டியூட்டி" என்று இருந்தால் கண் அங்கே நிற்கும்.

செய்முறைகளை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: பக்கத்தில் நின்று பார்த்தவை, மேற்பார்வையில் செய்தவை, தனியாகச் செய்யும் நம்பிக்கை இருப்பவை. கேனுலா போடுவது, கதீட்டர், ரைல்ஸ் டியூப், சக்‌ஷன், டிரெஸ்ஸிங், இன்சுலின் எல்லாம் இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் விழும். முதல் பகுதியில் நிறையவும் கடைசிப் பகுதியில் கொஞ்சமும் இருந்தால் வெட்கப்படாதீர்கள், புதியவரின் தாள் அப்படித்தான் இருக்கும். எல்லாவற்றையும் 'தனியாகச் செய்வேன்' என்று எழுதியிருப்பவரிடம்தான் நான் துருவித் துருவிக் கேட்பேன்.

இரண்டு பக்கம் போதும். கேஸ் ஸ்டடி எதையாவது இணைத்தால் நோயாளியின் பெயர், புகைப்படம், ஆஸ்பத்திரி எண் எதுவும் இருக்கக் கூடாது. இதில் கவனமில்லாதவரின் தாளை அங்கேயே மூடி வைத்துவிடுவோம்.

பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். சான்றிதழ்கள் வாங்கியே ஆகவேண்டுமா?

பி.எல்.எஸ். (இதயம் நின்றவருக்கு முதலில் செய்யும் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) வாங்குங்கள். வழக்கமாக இரண்டு வருடம் செல்லும். வாங்கிவிட்டு மறந்தும் போகாதீர்கள்: 30 நெஞ்சு அழுத்தம், 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120, பெரியவர்களுக்கு ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.க்கு மேல் போகாமல். சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு இந்த எண்களைச் சொல்லத் தெரியாமல் விழிப்பவர்கள் உண்டு. ஏ.சி.எல்.எஸ். (அதற்கு அடுத்த, மேம்பட்ட இதய உயிர்காப்புப் பயிற்சி) பின்னால் பார்த்துக்கொள்ளலாம், தேவைப்படும் பிரிவில் சேர்ந்தால் பல இடங்களில் ஆஸ்பத்திரியே அனுப்பும்.

இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?

இடத்துக்கு இடம் மாறும். ஆனால் புதியவரிடம் எல்லோரும் தேடுவது ஒன்றுதான்: இந்த ஆளை நம்பி ஒரு நோயாளியை விட்டுவிட்டுப் போகலாமா? அதைத் தெரிந்துகொள்ள ஒரு சூழ்நிலையைச் சொல்லி, என்ன செய்வீர்கள் என்பார்கள். நான் அடிக்கடி கேட்பது இது.

ஆபரேஷன் முடிந்து நான்கு மணி நேரம் ஆன நோயாளி. வார்டுக்கு வந்தபோது பல்ஸ் 84, பி.பி. 128/80. இப்போது பல்ஸ் 118, பி.பி. 96/60, மூச்சு நிமிடத்துக்கு 24, ஆக்சிஜன் அளவு 95. காய்ச்சல் இல்லை, ஆக்சிஜன் வைக்கவில்லை, கூப்பிட்டால் பேசுகிறார். என்ன செய்வீர்கள்?

பாதிப் பேர் "டாக்டரைக் கூப்பிடுவேன்" என்று நிறுத்திவிடுவார்கள். சரிதான். ஆனால் டாக்டர் எதிர்முனையில் "டிரெஸ்ஸிங் நனைந்திருக்கிறதா? டிரெயினில் (காயத்தின் கசிவை வெளியேற்றும் குழாயில்) எவ்வளவு? யூரின் போகிறதா?" என்று கேட்பாரே, அப்போது என்ன சொல்வீர்கள்? பக்கத்தில் இருப்பவரை உதவிக்குக் கூப்பிட்டுக்கொண்டே காயத்தைப் பாருங்கள், முதுகுக்கு அடியில் கை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள், டிரெயினையும் யூரின் பையையும் பாருங்கள், ஐ.வி. லைன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலைதான். பிறகு போன்.

இன்னொன்று, அந்த எண்களைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுகூடப் பதறவைப்பதாகத் தெரியாது. சேர்த்துப் பார்க்கத்தான் மதிப்பெண் முறைகள் வந்தன. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய 'நியூஸ்' (நேஷனல் ஏர்லி வார்னிங் ஸ்கோர்) அட்டவணைப்படி இந்த நோயாளிக்கு பல்ஸுக்கு 2, பி.பி.க்கு 2, மூச்சுக்கு 2, ஆக்சிஜனுக்கு 1. மொத்தம் 7. அந்த முறையில் 5 வந்தாலே டாக்டர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும். 7 என்றால் அவசரக் குழுவையே அழைக்க வேண்டும். நீங்கள் போகும் ஆஸ்பத்திரியில் வேறு அட்டவணை இருக்கலாம். "எண்களைத் தனியாகப் பார்க்காமல் போக்கைப் பார்ப்பேன்" என்று சொல்லத் தெரிந்தாலே எங்கள் மேசையில் தலைகள் நிமிரும்.

போனில் பேசும் முறையையும் கேட்பார்கள். சூழ்நிலை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசை, 'எஸ்.பி.ஏ.ஆர்.' என்று கல்லூரியில் படித்திருப்பீர்கள். இது அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பழக்கம். சுருக்கமாகப் பேசாவிட்டால் ஆபத்து என்பதில் இரண்டு இடமும் ஒன்றுதான். வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்: "டாக்டர், அறுவை சிகிச்சை வார்டு நர்ஸ் பேசுகிறேன். 12-ஆம் படுக்கை நோயாளிக்கு பி.பி. 96/60, பல்ஸ் 118. நான்கு மணி நேரத்துக்கு முன் வயிற்றில் ஆபரேஷன், வந்தபோது பி.பி. 128/80. டிரெயினில் ரத்தம் 300 மில்லி வந்திருக்கிறது. உள்ளே ரத்தக் கசிவோ என்று சந்தேகப்படுகிறேன். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்." கடைசி வரியைச் சொல்லத்தான் புதியவர்களுக்கு நாக்கு எழாது. அதைத்தான் நாங்கள் கேட்கக் காத்திருப்போம்.

கணக்கும் வரும். 1000 மில்லி டிரிப், 8 மணி நேரத்தில் போக வேண்டும், டிரிப் ஏற்றும் குழாய் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 1000-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. இன்ஃப்யூஷன் பம்ப் இருக்கும் இடத்திலும் இதைக் கேட்பார்கள். பம்ப் காட்டும் எண் சரியா என்று சந்தேகப்பட மனக்கணக்கு வேண்டும். பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் என்ன ஆகும் என்று கேட்டால், 'இதயம் நின்றுவிடும், ஒருபோதும் செய்யமாட்டேன்' என்ற பதில் யோசிக்காமல் வர வேண்டும்.

பதில் தெரியவில்லை என்றால்?

"தெரியாது" என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்தாமல் "இன்சார்ஜ் சிஸ்டரிடமோ ஃபார்மசியிலோ கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன்" என்றும் சொல்லுங்கள்.

ஒரு முறை இருவரிடம் ஒரே மருந்தின் டோஸைக் கேட்டோம். அதிகம் கேள்விப்படாத மருந்து, வேண்டுமென்றே கேட்டதுதான். ஒருவர் தயங்காமல் ஒரு எண்ணைச் சொன்னார், தவறு. இன்னொரு பெண் "இந்தப் பெயரையே கேட்டதில்லை மேடம், பார்க்காமல் கையால் தொடமாட்டேன்" என்றாள். மதிப்பெண் பட்டியலில் முதலாமவர்தான் மேலே இருந்தார். வேலை அந்தப் பெண்ணுக்குப் போனது.

சம்பளத்தைப் பற்றி நாமே கேட்கலாமா?

கேட்கலாம், கடைசியில் கேளுங்கள். மொத்தத் தொகையைவிடக் கைக்கு எவ்வளவு வரும், இரவு டியூட்டிக்குத் தனியாக உண்டா, ஷிப்ட் முடிந்தும் நிற்கவைத்தால் அதற்குக் கணக்கு உண்டா என்று கேட்பது பயன்படும்.

முதல் வேலை ஐ.சி.யூ.வா, பொது வார்டா?

'ஒரு வருடம் பொது வார்டில் அடிபட்டுவிட்டு அப்புறம் ஐ.சி.யூ.' என்பது பழைய பேச்சு. நல்ல பயிற்சி கொடுக்கும் ஐ.சி.யூ. இருந்தால் நேராகவே போகலாம். மூன்றாம் நாளே பத்துப் பதினைந்து நோயாளிகளோடு இரவில் தனியாக விடும் பொது வார்டைவிட அது எவ்வளவோ மேல்.

பிரிவின் பெயரைவிட, முதல் மூன்று மாதம் உங்கள் பக்கத்தில் யார் நிற்பார் என்பதைத்தான் நான் பார்ப்பேன். "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று இன்டர்வியூவில் சொல்லும்போது இதையெல்லாம் கேளுங்கள்: எத்தனை வாரம் என்னை ஆள் கணக்கில் சேர்க்காமல், ஒரு சீனியரோடு நிற்கவைப்பீர்கள்? எனக்கென்று ஒரு பிரிசெப்டர் (கூடவே நின்று கற்றுத்தரும் சீனியர்) உண்டா, இல்லை தினம் ஒருவரா? இரவு டியூட்டி எப்போது ஆரம்பிக்கும், அப்போது ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி? ஆள் குறைந்தால் பழகாத வார்டுக்கு மாற்றிவிடுவீர்களா? தெளிவாகப் பதில் சொல்லும் இடத்தில் யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்மா" என்று சிரித்தால், பார்த்துக்கொள்ளப்போவது நீங்கள் மட்டும்தான்.

நர்ஸ்கள் தொடக்கநிலையிலிருந்து வல்லுநர் நிலை வரை ஐந்து படிகளில் வளர்கிறார்கள் என்று பாட்ரிசியா பென்னர் 1984-இல் எழுதினார். அவர் கணக்கில், ஒரே மாதிரியான பிரிவில் இரண்டு மூன்று வருடம் நின்றால்தான் மூன்றாவது படிக்கே வரமுடியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரிவு மாற்றிக்கொண்டே போவது அதனால்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஒப்பந்தம் போடச் சொல்கிறார்கள், அசல் சான்றிதழையும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

அசலைக் காட்டுங்கள், சரிபார்க்கட்டும், கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். அசலை ஒரு ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, வேறு நல்ல வேலை வந்தபோது அதைத் திரும்ப வாங்க நடையாய் நடந்த என் தோழி ஒருத்தியின் கதை எனக்கு மறக்கவில்லை.

ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க ஒரு நாள் கேளுங்கள். எத்தனை மாதம், நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், அவர்களே நிறுத்தினால் என்ன என்ற மூன்றையும் தேடிப் பாருங்கள். கடைசி விஷயத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது; அதை எழுதித்தரச் சொல்லுங்கள்.

வேலை வாங்கித்தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் ஏஜென்ட்டுகளிடம் தள்ளியே நில்லுங்கள். தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 1997-இல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181-ஆம் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. எல்லா நாடுகளும் அதில் சேரவில்லை. இருந்தாலும், ஒரு நல்ல ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் தேவையென்றால் அதற்கான செலவு அதனுடையது.

மருத்துவப் பரிசோதனைக்கு முன்கூட்டியே தயாராக வேண்டுமா?

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இப்போதே பாருங்கள். வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதம் என்பதால், வேலை கிடைத்த பிறகு ஆரம்பித்தால் அரை வருடம் முழுப் பாதுகாப்பில்லாமல் ஊசியோடு ஊசியாக வேலை பார்ப்பீர்கள். மூன்றாவது ஊசிக்குப் பின் ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்க்கச் சொல்வார்கள். மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் அல்லது அதற்கு மேல் இருந்தால் நிம்மதி. அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

வேலையில் சேர்ந்த பின் ஊசி குத்திவிட்டால் மறைக்காதீர்கள். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அப்போதே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 'திட்டுவார்களோ' என்று காலை வரை காத்திருப்பது வீண் ஆபத்து.

ஆறு மாதமாக வேலை இல்லை. எல்லாம் மறந்துபோகும் போல இருக்கிறதே?

கை கொஞ்சம் மறக்கும், ஒரே வாரத்தில் திரும்பிவரும். அந்த இடைவெளியில் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. முதியோர் பராமரிப்பு இல்லம், டயாலிசிஸ் மையம், வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் சேவை, சின்ன கிளினிக் எதுவானாலும் சேருங்கள். முதியோர் இல்லத்தை மட்டமாக நினைக்காதீர்கள். படுக்கைப்புண், சர்க்கரை, பத்து மருந்து சாப்பிடுபவரின் மாத்திரை அட்டவணை என்று அங்கே கற்கும் எல்லாமே வார்டில் உதவும். ஆனால் கிளினிக்கில் டோக்கன் கொடுக்க உட்காரவைத்துவிட்டால் சில மாதத்தில் வெளியே வந்துவிடுங்கள்.

சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஓடிவிடலாம் போல இருக்கிறது.

எல்லோருக்கும் இருக்கும். 1974-இல் மார்லின் கிரேமர் என்ற அமெரிக்க நர்ஸ் ஆய்வாளர் இதற்கு 'யதார்த்த அதிர்ச்சி' என்றே பெயர் வைத்தார். முதலில் தேனிலவு மாதிரி இருக்கும், பிறகு எல்லாமே கசக்கும், அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும்.

என் மூன்றாவது வாரத்தில், இன்சுலின் ஊசியோடு ஒரு படுக்கைக்குப் போனேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், அவரும் "உம்" என்றார். பின்னால் நின்ற சீனியர் மெதுவாக, "கை டேக்கைப் பார்த்தியா?" என்றார். பார்த்தேன். அதே பெயரில் எதிர் வரிசையில் இன்னொருவர் இருந்தார், ஊசி அவருக்கு. சீனியர் அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று அவர் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் என்று இன்றும் நினைப்பேன்.

அதனால் ஓடுவதற்கு முன் ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். அழுகை வருகிறது, கால் வலிக்கிறது, சீனியர் முகம் சுளிக்கிறார் என்றால் மூன்று மாதம் பொறுங்கள். கேட்டால் பதில் சொல்ல ஆளே இல்லை, தெரியாததைத் தனியாகச் செய்யச் சொல்கிறார்கள், தவறைப் பதிவு செய்யாதே என்கிறார்கள் என்றால் பொறுக்க வேண்டாம். எழுத்தில் தெரிவித்துவிட்டு வேறு இடம் தேடுங்கள்.

முதல் நாள் என்ன எடுத்துப்போக வேண்டும்?

வினாடி முள் உள்ள கடிகாரம். கையில் கட்டக் கூடாது என்று சில இடங்களில் சொல்வார்கள், சட்டையில் குத்திக்கொள்ளும் வகை நல்லது. பாக்கெட்டில் அடங்கும் நோட்டு ஒன்று, ஹேண்டோவர் (ஷிப்ட் மாறும்போது ஒப்படைக்கும் நோயாளி விவரம்) எழுத. தண்ணீர் பாட்டில். பழகிய செருப்பு அல்லது ஷூ; புதிதாக வாங்கி அன்றே போடாதீர்கள். பேனா மூன்று. ஒன்றை டாக்டர் கேட்டு வாங்குவார், திரும்ப வராது. ஒன்று எங்கே போனது என்றே தெரியாது. மூன்றாவதை யாருக்கும் காட்டாமல் உள் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.